எம். ஏ. நுஃமான்

எம். ஏ. நுஃமான் (பிறப்பு: 10 ஆகஸ்ட் 1944) ஈழத்துக் கவிஞர், திறனாய்வாளர், மொழியியலாளர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளர். இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்திலுள்ள கல்முனைக்குடியில் பிறந்தவர். யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். ஈழத்து நவீன கவிதையின் வரலாற்றை அவர் பெயரின்றி எழுத இயலாது.

பிறந்த மண்

பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கித் தெற்கே பொத்துவில் வரை, தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் இந்து ஊர்களும் இக்கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கல்முனைப் பகுதியின் பழம்பெயர் கரைவாகு. கிழக்கே கடற்றொழில், மேற்கே வட்டை எனப்படும் வயல்வெளி. போடியார், முல்லைக்காரர், களவெட்டி, சூடடிப்பு என வயல் சார்ந்த சொற்கள் இரு சமூகத்தாருக்கும் பொதுவானவை. நாட்டார் கவிகளும் அப்படியே. நுஃமானின் மொழிக்கு இந்தப் புழக்கமே அடித்தளம்.

ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) ஒருவரின் மகனான நுஃமான், பள்ளி ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். 1960களில் கல்முனையின் இலக்கிய வாழ்வுக்கு மையமாக இருந்தவர் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் (கே. சின்னத்துரை, 1931–1975). கிழக்கின் உழவர் வாழ்வை ‘வேளாண்மை’ என்ற காவியமாகப் பாடியவர் அவர். இளம் நுஃமான் அவரது வட்டத்தில் யாப்பிலும் பேச்சோசையிலும் பயிற்சி பெற்றார்.

பதிப்பாளர்

1969–70இல் நுஃமான் ‘கவிஞன்’ என்ற கவிதை இதழை நடத்தினார். கல்முனை வாசகர் சங்கத்தின் வெளியீடுகள் அவரது முயற்சியால் வந்தவை. யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவியின் (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) பா நாடகமான ‘கோடை’, காவியமான ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ ஆகியவை இச்சங்கத்தின் வழி வெளிவந்தன. வடக்கின் பெருங்கவிஞரைக் கிழக்கின் முஸ்லிம் ஊர் ஒன்று நூலாக்கித் தந்தது. சமூகங்களுக்கிடையே இருந்த இலக்கிய உறவுக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மஹாகவியின் மகன் சேரனும் கவிஞர். சேரன், அ. யேசுராசா முதலியோர் தொகுத்த ‘மரணத்துள் வாழ்வோம்’ (1985) என்ற நூலில் நுஃமானின் கவிதைகள் இடம்பெற்றன. ஈழத்து அரசியல் கவிதையின் முதன்மையான தொகுப்பு அது.

கவிதை

‘தாத்தாமாரும் பேரர்களும்’ (1977) நெடுங்கவிதைகளின் தொகுப்பு. ‘அழியா நிழல்கள்’ (1982), ‘மழைநாட்கள் வரும்’ (1983) ஆகியவை அடுத்து வந்தவை. யாப்பை விட்டுவிடாமலே பேச்சின் இயல்பைக் கொண்டுவந்தது அவரது தனித்திறன். உரத்த குரலை அவர் நம்பவில்லை. நிகழ்ச்சியை ஒழுங்காகச் சொல்லி, முடிவை வாசகரிடம் விடுவார்.

‘நேற்றைய மாலையும் இன்றைய காலையும்’ யாழ்நகரின் வழக்கமான ஒரு மாலையைக் காட்டும்: மக்கள் தெருவில் நடக்கிறார்கள், புத்தகக் கடையில் நிற்கிறார்கள், படம் பார்க்கப் போகிறார்கள். மறுநாள் காலையில் அதே தெருக்களில் துப்பாக்கி.

‘புத்தரின் படுகொலை’ அவரது மிகப் புகழ்பெற்ற கவிதை. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. அக்கவிதையில் புத்தரே சுடப்பட்டு நூலகப் படிக்கட்டில் கிடக்கிறார். கொன்றவர்கள் அவர் உடலை நூல்களால் மூடி, அவர் போதித்த அறநூல்களையே கொளுத்தி எரிக்கிறார்கள். குற்றத்தைச் செய்தவர்களின் சமயமான பௌத்தத்தை நுஃமான் பழிக்கவில்லை. அந்தச் சமயத்தின் அறம்தான் முதலில் கொல்லப்பட்டது என்கிறார். ஒரு முஸ்லிம் கவிஞர், தமிழரின் நூலகத்துக்காக, புத்தரின் பெயரில் நீதி கேட்டார். இந்த அறத்துணிவே அவரை ஈழக் கவிதையின் முன்வரிசையில் நிறுத்துகிறது.

மொழிபெயர்ப்பு

1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வெளியானது. மஹ்மூத் தர்வீஷ் உள்ளிட்ட கவிஞர்கள் இந்நூலின் வழியே தமிழ் வாசகருக்கு நெருக்கமானார்கள். நிலம் பறிபோனவர்களின் குரல் 1980களின் ஈழத்தில் சொந்தக் குரல்போல் கேட்டது. பின்னர் விரிவாக்கிய பதிப்புகளும் வந்தன. தர்வீஷின் கவிதைகள் தனி நூலாகவும் வெளியாயின.

திறனாய்வும் மொழியியலும்

நுஃமான் 1970களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். சி. மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு ஆகியோருடன் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ (1979) மாணவர்களுக்கு இன்றும் வழிகாட்டி. அ. யேசுராசாவுடன் ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ (1984) தொகுப்பைத் தந்தார். ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ (1987) இலக்கியத்தின் சமூக அடிப்படையைப் பேசும் அதே வேளை, அதன் கலைத்தன்மையையும் விட்டுக்கொடுக்காத நூல்.

மொழியியலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ‘பாரதியின் மொழிச் சிந்தனைகள்’ (1984) இத்துறை நூல்களுள் ஒன்று. ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ (1999) பழைய சூத்திரங்களை ஒப்புவிக்கும் நூல் அல்ல; இன்று நாம் எழுதும் தமிழ் எப்படி இயங்குகிறது என்பதை எளிய நடையில் விளக்குவது. கவிதையில் மக்கள் பேச்சை மதித்தவர், இலக்கணத்திலும் அவர்கள் எழுத்துவழக்கை மதித்தார்.

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் நுஃமானின் பணி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தது. அங்கே தமிழ்ப் பேராசிரியரானார். இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம், பண்பாட்டுப் பன்மை ஆகியவை பற்றி ஆங்கிலத்திலும் எழுதினார். அடையாளத்தின் பேரால் வரும் குறுக்கல்களை, தம் சமூகத்துக்குள் எழுந்தாலும் வெளியே எழுந்தாலும், அவர் ஒரே அளவுகோலால் விமர்சித்தார்.

கரையோரத்தில் அவருக்குப் பின்

கல்முனையின் சோலைக்கிளி, ‘எட்டாவது நரகம்’ (1988), ‘காகம் கலைத்த கனவு’ (1991) முதலிய தொகுப்புகளில் முற்றிலும் வேறான படிம மொழியை உருவாக்கினார். பொத்துவில் அஸ்மின், விஜய் ஆண்டனி இசையமைத்த ‘நான்’ (2012) படத்துக்குப் பாடல் எழுதித் தமிழகத் திரையுலகில் அறிமுகமானார். ‘ஐயோ சாமி’ (2022) பாடலின் வரிகளும் அவருடையவை. நீலாவணனுக்கும் நுஃமானுக்கும் சோலைக்கிளிக்கும் அஸ்மினுக்கும் நடை வேறு, களம் வேறு. ஆயினும் தலைநகரின் ஆதரவுக்குக் காத்திராமல் சொந்த ஊரிலிருந்தே எழுதலாம், அச்சிடலாம், உலகக் கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவரலாம் என்பதற்கு நுஃமான் சான்றாக இருந்தார். கரையோர எழுத்துக்கு அவர் தந்த பெருங்கொடை இத்தன்னம்பிக்கையே.