கர்க்கடக மழையும் மனச்சோர்வும்: எல்லைக் கிராமங்கள் அறிந்துள்ள வழிகள்

வெயிலற்ற நீண்ட நாட்கள் மனத்தைச் சோர்வடையச் செய்யும் என்பதைக் குளிர்நாட்டு மக்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். கேரளத்தில் பனிக்காலம் இல்லை. அங்கு அந்த இடத்தில் இருப்பது மழைக்காலம். திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆரியங்கோடு, பாறசாலை முதலிய எல்லைக் கிராமங்களில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. முதலாவது பொதுவாக ஜூன் 1-ஆம் தேதியையொட்டித் தொடங்கும். இரண்டாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும்.

பஞ்ச மாதம்

கொல்லம் ஆண்டின் கடைசி மாதமான கர்க்கடகம், ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நீள்கிறது. தமிழ் நாட்காட்டியில் இது ஆடி மாதமாகும். மழையால் வேலையும் வருவாயும் குன்றுவதால் மலையாளிகள் இதனைப் பஞ்ச மாதம் என்றே அழைத்து வந்துள்ளனர். ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டை நனைந்தால் பால் வடிக்க இயலாது. மழைத் தடுப்பு பொருத்தப்படாத தோட்டங்களில் பால் வெட்டும் தொழிலாளிக்கு அன்றைய கூலி இல்லை. எனவே, இங்கு மழைக்காலச் சோர்வுக்குக் கருமேகம் மட்டுமன்றி வெறுங்கையும் காரணமாகிறது.

மருத்துவம் கூறுவது என்ன?

பருவகால மனச்சோர்வு நோயை நார்மன் ரோசந்தால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1984-இல் விவரித்தனர். பகற்பொழுது மிகவும் குறுகும் வடநாடுகளில் இது அதிகம் காணப்படுகிறது. திருவனந்தபுரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் 1 மணி நேரமே வேறுபாடு. ஆகவே, மழைக்கால வாட்டம் முழுவதையும் அந்நோயாகக் கருத இயலாது. எனினும், வீட்டுக்குள் அடைபடுதல், நடமாட்டம் குறைதல், உறக்க நேரம் மாறுதல், அண்டை வீட்டாரைச் சந்திக்க இயலாமை, பணக் கவலை ஆகியவை சேரும்போது உள்ளம் தளர்வது இயல்பே.

வெளிச்சம்

கண்ணுக்குள் புகும் ஒளியே உடலின் உள் கடிகாரத்தைச் சீராக வைத்திருக்கிறது. வீட்டு விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவே இருக்கும். மேகம் மூடிய பகலிலும் திறந்தவெளியில் அதைவிடப் பல மடங்கு ஒளி கிடைக்கிறது. எனவே, காலையில் அரை மணி நேரம் திண்ணையிலோ முற்றத்திலோ அமர்வது பயன் தரும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவதும் அவசியம்.

உடல் உழைப்பு

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மழை ஓயும் இடைவெளியில் 10 நிமிட நடையும் இக்கணக்கில் சேரும். தேங்காய் உரித்தல், வீட்டைக் கூட்டித் துடைத்தல், தாழ்வாரத்தில் யோகாசனம் ஆகியவையும் பயனுள்ளவையே. மனம் உற்சாகமடையும் வரை காத்திராமல், முதலில் சிறு வேலையொன்றைத் தொடங்க வேண்டும். செயலைத் தொடர்ந்தே உற்சாகம் வரும் என்பது மனநல சிகிச்சையிலும் கையாளப்படும் நெறியாகும்.

சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்குவோர் எலிக் காய்ச்சல் குறித்து எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். காலில் புண் இருப்பின் நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். காப்புறைக் காலணி அணிதல் நலம். தடுப்பு மருந்தைச் சுகாதார நிலைய ஆலோசனையின்படியே உட்கொள்ள வேண்டும். இடி இடிக்கும் வேளையில் வெளியே செல்லலாகாது.

கஞ்சி, வாசிப்பு, கூடல்

கர்க்கடகத்தை வெறும் பஞ்ச மாதமாக விட்டுவிடாமல், உடலையும் மனத்தையும் பேணும் காலமாகக் கேரள மரபு மாற்றிக்கொண்டது. ஞவரா அரிசி, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பால் ஆகியவை சேர்த்த கர்க்கடகக் கஞ்சி வீடுகளில் காய்ச்சப்படுகிறது. நீரிழிவு உள்ளோர் மருத்துவரைக் கேட்டு அளவறிந்து உண்பது நன்று. இந்து இல்லங்களிலும் கோயில்களிலும் மாதம் முழுவதும் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் வாசிக்கப்படுகிறது. மாதத்தின் அமாவாசையன்று முன்னோருக்குப் பலி இடப்படுகிறது. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு கடமையும், கூடி அமர ஓர் இடமும் இதனால் அமைகின்றன.

சமய வேறுபாடின்றி அனைவரும் கூடும் இடம் கிராம நூலகமாகும். 1945-இல் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கிய பி.என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19, கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மழை வலுக்கும் வேளையில் வாசிப்பைத் தொடங்க இது தக்க தருணம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

தனித்து வாழும் முதியோரை நாளுக்கு ஒருமுறையேனும் அண்டை வீட்டார் நேரிலோ தொலைபேசியிலோ விசாரிப்பது நலம். துயரம், ஆர்வமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மழையின் மீது பழி போட்டு ஒதுக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேச இயலும்.