மிதக்கும் ஸ்டேஷன்... மிதக்கும் தொட்டி!

ஒரு ரயில்வே ஸ்டேஷன் மிதக்குமா? டோக்கியோவில் மிதக்கப் பார்த்தது!

போன நூற்றாண்டில் அந்த ஊர்த் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு உறிஞ்சின. நீர்மட்டம் இறங்கியது, கூடவே தரையும் இறங்கியது. ஜப்பான் அரசாங்கம் 1956-லும் 1962-லும் சட்டம் போட்டு பம்புகளுக்குக் கடிவாளம் மாட்டியது. நல்ல காரியம்தான். ஆனால், போன தண்ணீர் மெள்ள மெள்ளத் திரும்பி வந்தது. 1985-ல் திறந்த உயேனோ நிலத்தடி ஸ்டேஷனைக் கீழேயிருந்து மேல்நோக்கி நெட்ட ஆரம்பித்தது. ஸ்டேஷன் கிளம்பிவிடாமல் இருக்க ஆயிரக்கணக்கான டன் இரும்பை உள்ளே அடுக்கினார்கள். பக்கத்து டோக்கியோ ஸ்டேஷனுக்கோ, கப்பலுக்குப் போடுவது போல 130 நங்கூரங்கள்!

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையை ஒட்டி இருக்கும் கச்சிராயபாளையத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

2003-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கும். பெரும்பாலோர் செய்தது, மொட்டை மாடித் தண்ணீரைக் குழி வெட்டி மண்ணுக்குள் அனுப்புவது. ஐப்பசி, கார்த்திகையில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும் தாழ்வான மனைகளில் இது சரிப்படாது. மண்தான் ஏற்கெனவே நிறைந்திருக்கிறதே! 'சரி, நிலத்தடித் தொட்டி கட்டிச் சேமிப்போம்' என்று தோன்றும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பாஷையில், பற்று வரவாகவே பார்ப்போம். வெளி அளவு 10 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி ஆழம். சுவர், தரை, மூடி எல்லாம் அரை அடி கான்கிரீட். உள்ளே சுமார் 9,000 லிட்டர் பிடிக்கும். தொட்டியின் எடை 12 டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. சுற்றிலும் தண்ணீர் தரைமட்டம் வரை ஏறினால், அது தொட்டியை மேலே தள்ளும் விசை சுமார் 14 டன். இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் சிராக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் சொல்லிவிட்டுப் போன கணக்குதான் இது. துண்டு விழுவது 2 டன்!

தொட்டி நிறைய தண்ணீர் இருந்தால் பயமில்லை. அந்த 9 டன் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நாம் என்ன செய்கிறோம்? மழைக்காலம் வருகிறதே என்று, ஐப்பசியில் தொட்டியைக் காலி செய்து கழுவுகிறோம். வெளியே நீர்மட்டம் ஏறும் நேரத்தில் உள்ளே காலி! தொட்டி கிளம்பும், சுவர் விரியும், குழாய் பிய்யும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால், அந்தக் கசிவு விரிசல் வழியே குடிதண்ணீரில் கலக்கும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்தவர் பாடு இன்னும் மோசம். அதற்கு எடையே கிடையாது.

நம் முன்னோர்கள் இந்தச் சண்டைக்கே போகவில்லை. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் கிடைத்த உறைகிணறுகளைப் பாருங்கள். சுட்ட மண் வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கினார்கள். அடித்தளம் இல்லை. தண்ணீர் உள்ளே வரலாம், போகலாம். தள்ளுவதற்கு அதற்கு ஒன்றும் அகப்படாது.

நமக்கு அடைத்த தொட்டிதான் வேண்டுமென்றால், வழி இருக்கிறது. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் ஒரு அடி நீட்டிப் போடுங்கள். அதன் மேல் உட்காரும் மண், தண்ணீருக்குள் இருந்தால்கூட ஐந்தாறு டன் பாரம் தரும். துண்டு விழுந்த 2 டன் அதில் அடங்கிவிடும். இன்ஜினீயரிடம் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பள்ளம் தோண்டுமுன், கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று விசாரியுங்கள். கழுவுகிற வேலையைச் சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் தோதுப்படவில்லையா? தொட்டியைத் தரைக்கு மேலேயே கட்டிவிடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இறங்கிய தண்ணீர் ஒருநாள் ஏறும். டோக்கியோக்காரர்கள் அதை ஸ்டேஷனைக் கட்டி முடித்த பிறகு தெரிந்துகொண்டார்கள். நீங்கள் இன்னும் பள்ளமே தோண்டவில்லை!