குச்சியோடு வந்த தேமல்

மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். சின்னசேலம் பக்கத்தில் எங்களுக்கு அது குச்சிக்கிழங்கு. இலையில் மஞ்சள் திட்டு விழுந்து கொழுந்து சுருண்டால் அப்பா, "தேமல் பாஞ்சிருச்சு" என்பார். மண்ணில் சத்து போய்விட்டது என்று சொல்லி இன்னும் இரண்டு வண்டி குப்பை அடிப்பார். அது வைரஸ் நோய் என்று நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கே தெரிந்தது.

கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். நம் பக்கத்துக்குக் காசுப் பயிராக அதைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப்போர். அதற்குமுன் ஜவ்வரிசி மலேயாப் பக்கத்திலிருந்து கப்பலில் வரும். போரில் அது நின்றது. கருவாட்டு வியாபாரமாகக் கேரளத்துக்குப் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் என்பவரைச் சந்தித்தார். கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யும் வித்தை போபட்லாலுக்குத் தெரியும். 1943-ல் சேலத்தில் தொழில் தொடங்கியது. பிறகு சேகோ ஃபேக்டரிகள் ஆத்தூர்வரை பெருக, கிழங்கும் சின்னசேலம், கள்ளக்குறிச்சி தாண்டி, சாமையும் தினையும் விளைந்த கல்வராயன் மலைச் சரிவுகளில் ஏறியது.

கிழங்கு ஏறியது என்றால் குச்சி ஏறியது என்று அர்த்தம். இதற்கு விதைக்கடை கிடையாது. அறுத்த செடியின் தண்டைச் சாண் நீளத்துக்குத் துண்டு போட்டால் அதுதான் அடுத்த வருஷத்து விதை. குங்கும ரோஸ், முள்ளுவாடி என்று பெயர் சொல்லி, இந்த ஊர்க் குச்சி அந்த ஊருக்கு லாரியில் போகும். தண்டுக்குள் இருப்பதும் கூடவே போகும்.

விசித்திரம் என்னவென்றால், இந்தத் தேமல் தென் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. அங்கே இது கிடையாது. கிழங்கு விருந்தாளி, நோய் உள்ளூர்க்காரன். ஆப்பிரிக்காவில் 1894-லேயே வார்பர்க் என்பவர் இதை எழுதிவைத்தார். ஆனால் அங்குள்ள வைரஸ் வேறு, இங்குள்ளது வேறு. இங்கே இரண்டு: ஒன்றுக்கு இந்தியா பெயர், மற்றதற்கு இலங்கை பெயர். இலங்கைச் செடியில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். இரண்டுக்கும் மரபுப்பொருள் ஏ, பி என்று இரு துண்டுகள். இலங்கை வைரஸின் பி துண்டு இந்திய வைரஸுடையதற்கு நெருங்கிய உறவு, பக்கத்து வீட்டில் வாங்கிய மாதிரி. 2005-ல் வந்த ஆய்வுகளைப் பார்த்தால், தென்னிந்திய வயல்களில் அதிகம் பரவியிருப்பது அந்த இலங்கைப் பெயர்க்காரன்தான். எங்கள் மாவட்டப் பெயரே தென்னாற்காடு, விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று மாறிவிட்டது. வைரஸின் பெயரை வைத்து எல்லை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு வருஷம் வெளியூர் வியாபாரியிடம் ஒரு லோடு குச்சி வாங்கி நட்டேன். முளைவிட்ட முதல் இலையே கோழிக்கால் மாதிரி கோணிக்கொண்டு வந்தது. அப்போது ஒரு வேளாண் அலுவலர் வயலில் குந்தி உட்கார்ந்து செடியைக் காட்டினார். அடியிலையிலிருந்தே தேமல் என்றால் அது குச்சியோடு வந்தது. அடியிலை சுத்தமாக இருந்து, மேலே கொழுந்தில் மட்டும் திட்டு என்றால் பிறகு வெள்ளை ஈ கொண்டுவந்தது. என் வயலில் முக்கால்வாசி அடியிலைத் தேமல். ஈயைக் குறை சொல்லி மருந்தடித்த காசெல்லாம் வீண்.

இதே இலங்கைப் பெயர் வைரஸ் 2015-ல் கம்போடியாவில் தென்பட்டது. 2017-ல் வியட்நாம், அடுத்த வருஷம் தாய்லாந்து. கடலையும் இத்தனை நாட்டு எல்லைகளையும் வெள்ளை ஈ மட்டும் பறந்து தாண்டியிருக்கும் என்று நான் நம்பவில்லை. யாரோ குச்சி கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா மாதிரி ரகங்களைத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தந்திருக்கிறது. கிடைத்தால் நடுங்கள். கிடைக்காதவர்கள், மூன்றாம் மாசமே வயலில் இறங்கி, அடியிலை முதல் கொழுந்துவரை பச்சையாக நிற்கிற செடிகளில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவையுங்கள். அறுப்பு முடிந்து வெறும் தண்டாக அடுக்கிய பிறகு எது நல்லது, எது தேமல் என்று எவராலும் சொல்ல முடியாது.