அசோர் கப்பலின் எச்சங்கள்: 1948ஆம் ஆண்டுச் சந்திப்பும் ஒரு தவறான அடையாளமும்

ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ பயன்படுத்திய உல்லாசக் கப்பல் ‘அசோர்’ இன்று கப்பலாக இல்லை. நசுக்கி அடுக்கிய உலோகக் கட்டிகளாக எஞ்சியிருக்கிறது. கலைஞர் ஃபெர்னாண்டோ சான்செஸ் காஸ்தியோ 2011இல் அதை விலைக்கு வாங்கி உடைத்து, 2012இல் மாட்ரிட்டின் மத்தாதேரோ கலைக்கூடத்தில் ‘கெர்னிக்கா நோய்க்குறி’ என்னும் தலைப்பில் காட்சிக்கு வைத்தார். ஸ்பானிய முடியாட்சியின் மீட்சிக்கு வித்திட்ட மேடையே இதனால் அழிந்தது என ஆய்வாளர்களில் ஒரு சாரார் வாதிடுகின்றனர். அந்த வாதத்தின் அடித்தளமே பிழை என்பது இக்கட்டுரையின் முடிபு.

அவர்கள் ஊன்றி நிற்பது 1948 ஆகஸ்ட் 25 அன்று நடந்த சந்திப்பின் மீது. சான் செபாஸ்தியானுக்கு அப்பால், கடலில், அசோர் கப்பலில் ஃபிராங்கோவும் அரியணைக்கு உரிமை கோரி நாடுகடந்து வாழ்ந்த தோன் ஹுவான் தே போர்போனும் தனித்துப் பேசினர். அதன் விளைவாக, தோன் ஹுவானின் பத்து வயது மகன் ஹுவான் கார்லோஸ் கல்விக்காக அவ்வாண்டு நவம்பரில் ஸ்பெயினுக்கு வந்தார்; 1969இல் ஃபிராங்கோவின் வாரிசாக அறிவிக்கப்பட்டு, 1975இல் அரசரானார். சந்திப்பின் முக்கியத்துவத்தில் நமக்கு ஐயமில்லை. அது எந்தக் கப்பலில் நடந்தது என்பதே கேள்வி.

மத்தாதேரோவுக்கு வந்த கப்பல் ஃபெரோல் நகரின் பாசான் தளத்தில் கட்டப்பட்டு 1949 ஜூனில் நீரில் இறக்கப்பட்டது. சந்திப்பு நடந்தபோது அது கடலைக் கண்டிருக்கவில்லை. ஆகவே தோன் ஹுவான் ஏறியது, அதே பெயரை முன்பு தாங்கிய வேறொரு கலமாகத்தான் இருக்க முடியும். சந்திப்பு பற்றிய விவரிப்புகளில் ‘அசோர்’ என்றே இருக்கிறதே என்பர். பெயர் ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது கடற்படைகளில் வழக்கம்தான். பெயரின் தொடர்ச்சி உடலின் தொடர்ச்சி ஆகாது. பழைய கலத்தின் பாகங்கள் புதியதில் சேர்ந்திருக்கலாம் என்னும் யூகத்துக்குச் சான்று காட்டப்படாதவரை அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஃபிராங்கோவும் தோன் ஹுவானும் பின்னர் நடத்திய பேச்சுகளாவது புதிய கப்பலில் நடந்தனவா என்றால், அதுவும் இல்லை. 1954இலும் 1960இலும் அவர்கள் சந்தித்தது காசெரெஸ் மாகாணத்து லாஸ் கபேசாஸ் பண்ணையில், தரையில்.

இத்தனை தெளிவான காலமுரண் எப்படிக் கவனத்திலிருந்து தப்பியது? உறுதியாகச் சொல்ல இயலாவிட்டாலும் இரண்டு காரணங்கள் பொருத்தமாகத் தோன்றுகின்றன. உரையாடலின்போது மூன்றாமவர் உடனில்லை. சாட்சியில்லாத இடத்தில் கப்பலையே சாட்சியாக்கும் ஆசை எழுந்திருக்கலாம். திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பட்ட ‘நோ-தோ’ செய்திப்படங்கள், ஃபிராங்கோ மீன்பிடிக்கும் காட்சிகள் வழியே புதிய கப்பலை மக்கள் மனத்தில் பதித்தன. அந்தப் பிம்பம் பின்னோக்கி 1948இன் மேல் படிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இக்கட்டிகள் எதற்குச் சான்று? 1975க்குப் பிந்தைய வரலாற்றுக்கு. அசோரை இயக்கியது கடற்படை. தனியார் சொத்தைப் போலப் பேசப்பட்டாலும் அது பொதுச் சொத்து. 1985 கோடையில் சோசலிசப் பிரதமர் ஃபெலிப்பே கொன்சாலெஸ் அதில் விடுமுறையைக் கழித்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. உடைக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனையோடு 1990இல் அரசு அதை ஏலத்தில் விற்றது. ஆனால் வாங்கியவர் அதைத் துண்டுகளாக்கிக் கடலே இல்லாத பூர்கோஸ் மாகாணத்துக்குக் கொண்டுபோனார். கொகோய்யோஸ் என்ற ஊரில், மாட்ரிட் நெடுஞ்சாலையோரம், ஒரு விடுதியின் ஈர்ப்புப் பொருளாகும் நோக்கில் மீண்டும் பொருத்தப்பட்ட அந்தக் கப்பல் வயல்வெளி நடுவே நின்று துருவேறியது. 1936 அக்டோபர் 1 அன்று ஃபிராங்கோ அரசுத் தலைவராகப் பொறுப்பேற்றது பூர்கோஸ் நகரில்தான். இடத்தைத் தீர்மானித்தது நெடுஞ்சாலைப் போக்குவரத்தே என்பதால் இதில் குறியீட்டைத் தேடுவதைத் தவிர்க்கிறோம்.

இதைவிடப் பொருள்பொதிந்த ஒப்பீடு மெய்ராஸ் மாளிகை. ஃபிராங்கோ குடும்பத்தின் கையிலிருந்த அதை 2020இல் நீதிமன்றத் தீர்ப்பின் வழியே அரசு மீட்டது. அசோரோ தொடக்கத்திலிருந்தே அரசின் கையில் இருந்தது; அரசே அதைக் கைவிட்டது. மக்களாட்சி தன் கையிலிருந்த சான்றை எவ்வளவு கூச்சத்தோடும் அவசரத்தோடும் கைகழுவியது என்பதை, 1985இன் கண்டனமும் 1990இன் நிபந்தனையும் கொகோய்யோஸின் துருவும் சேர்ந்து காட்டுகின்றன. கப்பலைக் கலைஞர் அழித்தார் என்று குற்றம்சாட்டுவது இந்த இருபதாண்டுப் புறக்கணிப்பை மறைத்துவிடுகிறது. ஏலக்கூடத்திலும் சாலையோரத்திலும் எவரும் பொருட்படுத்தாத பொருளைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்து விவாதத்துக்கு உள்ளாக்கியவர் அவர்தான்.

எனவே, இக்கட்டிகளைக் காட்சிப்படுத்தும் நிறுவனங்கள் விளக்கக் குறிப்புகளிலிருந்து 1948ஆம் ஆண்டுச் சந்திப்பை நீக்க வேண்டும். அவ்விடத்தில் 1949, 1985, 1990, 2011 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் இடம்பெற வேண்டும். இவை முடியாட்சியின் தொட்டிலிலிருந்து விழுந்த சில்லுகள் அல்ல. சர்வாதிகாரத்தின் உடைமையை என்ன செய்வதென்று முடிவெடுக்க மறுத்த ஓர் அரசின் ஆவணங்கள்.