நின்றுபோன சீன வகுப்பு

1955-இல் விக்டர் ஹசானைக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார் மார்செல்லா. அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆங்கிலம் தெரியாது. அது போகட்டும், சமையலும் தெரியாது. வாய்த்த கணவரோ சாப்பாட்டு ரசிகர்!

அடா போனியின் இத்தாலியச் சமையல் புத்தகம்தான் துணை. அதைப் பார்த்து அடுப்பு மூட்டியவருக்கு, இத்தாலியின் அட்ரியாட்டிக் கரையில் சொந்த ஊரான செசெனாட்டிகோவில் சாப்பிட்ட ருசியெல்லாம் நினைவுக்கு வர, கை தானாகப் பழகிக்கொண்டது. ஆங்கிலம் படித்தது டிவியில் பேஸ்பால் பார்த்து. கதை அத்தோடு முடிந்திருக்கும், 1969-இல் சீனச் சமையல் கற்க ஆசைப்படாமல் இருந்திருந்தால்.

அந்த வகுப்பு நின்றுபோனது. கூடப் படித்த பெண்கள், உங்கள் ஊர்ச் சமையலையாவது சொல்லிக்கொடுங்கள் என்று மார்செல்லாவைப் பிடித்துக்கொண்டார்கள். மறுவருடம் நியூயார்க் டைம்ஸின் உணவுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் க்ளெய்போர்ன் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார். அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதுகூட மார்செல்லாவுக்குத் தெரியாது. கட்டுரை வந்தது, பின்னாலேயே புத்தகம் கேட்டு ஒரு பதிப்பாளரும் வந்தார். ஆங்கிலத்தில் எழுத வராதே என்று கையை விரித்தார் மார்செல்லா.

விக்டர் விடவில்லை. இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். மனைவி இத்தாலிய மொழியில் கைப்பட எழுத, அவர் ஆங்கிலமாக்கினார். இது லேசுப்பட்ட வேலை இல்லை. இத்தாலியக் குறிப்புகள் 'தேவையான அளவு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அமெரிக்க அடுக்களைக்கோ கப், ஸ்பூன், நிமிடம் எல்லாம் கணக்காக வேண்டும். புத்தகத்தில் இருந்த ஒரு சாஸில் தக்காளி, ஐந்து மேசைக்கரண்டி வெண்ணெய், தோலுரித்து இரண்டாக வெட்டிய வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் சிறு தீயில் கொதித்ததும் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். பூண்டு கிடையாது, பேசில் கிடையாது. பூண்டு மணக்காவிட்டால் இத்தாலியச் சாப்பாடே இல்லை என்று நம்பிய ஊரில் இதை யார் சீந்துவார்கள்?

1973-இல் 'த கிளாசிக் இத்தாலியன் குக் புக்' வெளிவந்தது. பிரபல சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்ட் கை கொடுக்க, 1976-இல் க்னாஃப் நிறுவனம் மறுபடி பதிப்பித்த பிறகு பிய்த்துக்கொண்டு போனது. இன்று அமெரிக்க வீடுகளில் பாஸ்தாவுக்குச் சர்வசாதாரணமாகக் கொதிக்கிற வெண்ணெய்த் தக்காளி சாஸ், யாரும் சீந்துவார்களா என்றிருந்த அதே சாஸ்தான்!

அட்டையில் மார்செல்லாவின் பெயர் மட்டும். விக்டர் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்று சமர்ப்பணத்தில் மார்செல்லாவே எழுதினார். 2013-இல் அவர் மறைந்தபோது நோட்டுகள் மிஞ்சின. அவற்றையும் விக்டரே ஆங்கிலமாக்கினார். 2016-இல் 'இங்க்ரெடியெண்டி' என்று புத்தகமானபோது, அட்டையில் இரண்டு பெயர்கள்.