கரைவலையும் கரையும்

மாவடிப்பள்ளிக்குக் கிழக்கே, கல்முனை முதல் ஒலுவில் வரையுள்ள கரையூர்களின் மீன்பிடி வரலாற்றை ஆராய்வோர் கடலை நோக்குமளவு கரையை நோக்குவதில்லை. கரைவலைத் தொழிலிலோ கரையே உற்பத்திச் சாதனமாகும். தோணியில் சென்று வலையை வளைத்தபின், இரு கயிறுகளையும் மணலில் நின்று பலர் இழுத்தாலன்றி மடி கரைசேராது. பிடிபடும் சூடை, நெத்தலியின் வருவாய் கூலியாகவன்றிப் பங்காகவே பிரிக்கப்படும். வலையுடையோர் பங்கு பெரிது என்பதும் மறைத்தற்குரியதன்று.

1950களின் இறுதியிலிருந்து பரவிய இயந்திரப் படகும் நைலோன் வலையும் முதலுடையோரையே ஆழ்கடலுக்கு இட்டுச்சென்றன. ஏனையோர் கரையை நம்பியே வாழ்ந்தனர். 2004 டிசம்பர் 26 கடற்கோள் உயிர்களையும் தோணிகளையும் கொண்டுசென்ற பின்னரும் கரைவலை மீண்டெழுந்தது.

2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகமோ கரையையே பறித்தது. வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் அலைதடுப்புகள் மறித்தன. துறைமுக வாய் மணலால் தூர்ந்தது. வடபால் ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிப்புண்டன. படகு நுழையவியலாத துறைமுகமும் வலையிழுக்க இடமற்ற கரையும் ஒருங்கே தோன்றின.

மீன்வளப் பாதுகாப்பு வலைக்கண்ணின் அளவோடு முடிவதன்று. உழவருக்கு நிலம்போல வலைஞருக்கு மணல். அம்மணலின்மீது அவர்க்குள்ள உரிமை, கரையோரத் திட்டம் ஒவ்வொன்றிலும் முதற்கண் கணக்கிடப்படல் வேண்டும்.