வீராணம் குழாயும் மண்ணின் அரிப்பும்

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் நீரைச் சென்னைக்குக் கொண்டு செல்லும் குழாய்ப்பாதை பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 230 கி.மீ. நீள்கிறது. முதல் வீராணம் திட்டம் கைவிடப்பட்டபின், அதற்கென வார்த்த கான்கிரீட் குழாய்கள் சாலையோரங்களில் பல்லாண்டு கிடந்து வீடற்ற குடும்பங்களுக்குக் கூரையாயின. 2004-இல் நிறைவேறிய புதிய திட்டம் எஃகுக் குழாயைத் தேர்ந்ததால், துருவைத் தடுப்பதும் அதன் தீராப் பொறுப்பாயிற்று.

ஈரமண்ணில் புதைந்த குழாயின் ஓரிடம் இரும்பு கரையும் நேர்மின்வாயாகவும் வேறோரிடம் எதிர்மின்வாயாகவும் மாற, மண்ணின் உப்பும் ஈரமும் இடையே மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. செம்மண் மேட்டிலிருந்து ஏரிப்பாசன வயலுக்குக் குழாய் இறங்குமிடத்தில், காற்றோட்டம் குறைந்த களிமண்ணில் கிடக்கும் பகுதியே முதலில் அரிக்கப்படுகிறது.

இதற்கான முதல் மருந்து பூச்சு. சூடான நிலக்கரித் தாரில் வார்ப்பிரும்புக் குழாயைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1848-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் பூச்சு மட்டும் போதாது. பள்ளத்தை மூடுகையில் கூரான சல்லி ஒன்று உரசினாலே போதும். நல்ல பூச்சினூடே விழுந்த அந்த ஊசித்துளையில் அரிப்பு முழுதும் குவிந்து, எஃகை விரைவில் துளைத்துவிடும். அதனால்தான் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஏற்றிய தூரிகையைப் பூச்சின்மேல் நகர்த்தி, பொறி தெறிக்கும் இடங்களைக் குறித்துச் செப்பனிட்ட பிறகே குழாயை மணற்படுக்கையில் இறக்குகிறார்கள்.

எஞ்சும் துளைகளுக்குக் காவல் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு, அதாவது குழாய் முழுவதையும் எதிர்மின்வாயாக்கி, அதனோடு இணைத்த வேறோர் உலோகத்தைக் கரையவிடுதல், அல்லது வெளியிலிருந்து மின்சாரம் செலுத்துதல். 1824-இல் கப்பலின் செப்புத் தகட்டுக்காக ஹம்ப்ரி டேவி கண்ட இவ்வழியை, 1928-இல் ராபர்ட் குன் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எரிவாயுக் குழாய்க்குப் பயன்படுத்தினார். தாமிர சல்பேட் ஒப்பீட்டு மின்வாயால் அளக்கையில் −0.85 வோல்ட் என்ற பாதுகாப்பு அளவுகோல் அவர் பெயரோடே நிலைத்தது.

இப்பாதையில் ரயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஒருதிசை மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது; அத்தகைய மின்சாரம் தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசிந்து குழாயில் ஏறினால், வெளியேறும் இடத்தில் இரும்பைக் கரைத்தெடுக்கும். 1960-களில் விழுப்புரம் வரை வந்த 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் அவ்வளவு அரிக்காது எனினும், இணையாகச் செல்லும் நீண்ட குழாயில் மின்னழுத்தத்தைத் தூண்டக்கூடியது.

1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பியலைத் தன் தலையாய துறைகளில் ஒன்றாக வளர்த்துள்ளது. அறிவு அருகிலேயே இருக்கிறது. ஆகவே, இக்குழாய்ப்பாதையோரம் எதற்காகப் பள்ளம் தோண்டுவோரும் குழாயின் பூச்சில் கீறல் விழுந்தால், அதைச் செப்பனிடாமல் மண்ணைத் தள்ளி மூடலாகாது.